புளியமரத்தில் உடம்பு, சாக்கடையில் தலை

என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை. பினாங்கிலிருந்து விமானம் ஏறி, மெட்ராஸில் இறங்கி, கள்ளக்குறிச்சி வரை போனது ஓர் ஈயைப் பிடிக்கத்தான் என்று நான் சத்தியம் செய்தாலும், "நம்ம சந்தையில இல்லாத ஈயா?" என்று கேட்டுவிட்டுத் தன் மகளை ஒரு பார்வை பார்ப்பார். இவனுக்கு அங்கே யாரோ இருக்கிறாள் என்பது அந்தப் பார்வையின் பொருள். இருந்ததென்னவோ ஈதான். அதுவும் இருந்ததா இல்லையா என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பார்த்த வேலை அப்படி. அருங்காட்சியகம் ஒன்றில் பூச்சிப் பிரிவின் உதவியாளன். பெயர்தான் பெரிது. பெட்டி துடைப்பது, அந்துருண்டை மாற்றுவது, ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் சீட்டு எழுதுவது, இவ்வளவுதான் வேலை. என் மேலாளர் பேராசிரியர் துரைராஜ். மீன் விலை பற்றிப் பேச்சை ஆரம்பித்தாலும் இரண்டு நிமிடத்தில் மிதவை ஈயில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

மிதவை ஈயை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பூவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஆணி அடித்து மாட்டியதுபோல் அந்தரத்தில் நிற்கும். கை நீட்டினால் காணாமல் போய், பக்கத்திலேயே மறுபடி வந்து நிற்கும். மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டிருப்பதால் குளவி என்றும் தேனீ என்றும் நினைத்து ஆட்கள் ஓடுவார்கள். கொடுக்கு கிடையாது, கடிக்கவும் தெரியாது, எல்லாம் வேஷம். தேனீக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. எண்ணத் தெரிந்தவன் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எந்தக் குருவி நின்று எண்ணிக்கொண்டிருக்கிறது? உலகத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகை மிதவை ஈக்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் குடும்ப அடையாளம், இறக்கையின் நடுவே ஓடும் ஒரு நரம்பு. அது எங்கிருந்தும் கிளம்பாது, எங்கும் போய்ச் சேராது. போலி நரம்பு என்றுதான் அதற்குப் பெயரே. ஒரு பரம்பரை முழுவதும் போலியைக் காட்டித்தான் அடையாளம் சொல்கிறது என்று நான் சிரித்தால் பேராசிரியருக்குக் கோபம் வரும்.

எங்களிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. யாரோ ஒரு காட்டிலாகா அதிகாரி எந்தக் காலத்திலோ சேர்த்து, கைமாறிக் கைமாறி பினாங்குக்கு வந்த பெட்டி. அதில் 'கல்வராயன் மலை அடிவாரம்' என்று சீட்டுப் போட்டு ஒரே ஒரு மிதவை ஈ. குளவிபோல் ஒடுங்கிய இடுப்பு, கண்ணிலோ வரிவரியாகக் கோடு. அந்த இடுப்பு உள்ள கூட்டத்தில் அந்தக் கண் கிடையாது, அந்தக் கண் உள்ள கூட்டத்தில் அந்த இடுப்பு கிடையாது. பேராசிரியர் அதைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்றார். அவருடைய மனைவி கமலா அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாவின் பெயரை ஈக்கு வைத்துக் கட்டுரையும் எழுதி முடித்தார். ஓய்வு பெறுவதற்குள் அவர் செய்து முடிக்க நினைத்தது அது ஒன்றைத்தான். ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஒரே ஒரு ஈயை வைத்து நம்ப முடியாது, இன்னொன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். "உனக்குத்தான் கை நிதானம், நீ போய்ப் பிடிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

கை நிதானமாம்! மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பெட்டியைக் கீழே போட்டவனே நான்தான். கூடவே எங்கள் ஊர் ஈக்கள் இருந்த பெட்டி ஒன்றும் விழுந்தது. பெட்டிக்கு ஒரு ஈ தலை இல்லாமல் ஊசியில் நின்றது. தரை முழுக்கத் தேடி ஒரு தலைதான் கிடைத்தது. கல்வராயன் ஈ பழையது, மரியாதைக்குரியது என்பதால் கிடைத்த தலையை அதற்கு வைத்து, மனைவியின் நிறமில்லாத நெயில் பாலிஷால் ஒட்டினேன். உள்ளூர் முண்டத்தைக் குப்பையில் போட்டேன். தலை யாருடையது என்று ஆராயவில்லை, மணி ஐந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆகவே என் பயணத்தின் நோக்கம் எளிமையானது. அந்த இடுப்பும் அந்தக் கண்ணும் ஒரே உடம்பில் கல்வராயன் மலையில் பறந்தால் நான் தப்பித்தேன். பறக்காவிட்டால், ஒரு நல்ல மனிதர் செத்துப்போன மனைவியின் பெயரை என் கைவேலைக்கு வைக்கப் போகிறார்.

முதல் நாளே எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு வேப்பமரம் விழுந்து கிடந்தது. அதற்கப்பால் ஒரு புளியமரம், அதற்கும் அப்பால் இன்னொன்று. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் போராட்டம் என்றால் அனுமதி வாங்கி, ஓரமாக நின்று, மழை வந்தால் வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே சாலையையே மூடியிருந்தார்கள். "எறங்கி நடங்க, வண்டி இதுக்கு மேல போவாது" என்றார் கண்டக்டர். கள்ளக்குறிச்சி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "நடக்க நடக்க கம்மியாவும்ங்க" என்றார்.

மரத்தின் மேல் நாலைந்து இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியும் பூச்சி வலையுமாக நான் தாண்ட முடியாமல் தவிப்பதைப் பார்த்து ஒருவன் இறங்கி வந்தான்.

"இன்னா சார் இது, மீன் வலையா?"

"ஈ பிடிக்கிற வலை."

"ஈய புடிச்சி இன்னா பண்ணுவீங்க?"

"எது எந்த வகை என்று பிரித்து எழுதி வைப்போம்."

"ஈயில எத்தினி சாதி சார் இருக்கு?"

"நான் தேடுகிற குடும்பத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல்."

"யாரு எண்ணுனது?"

"உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்."

அவன் மரத்தின் மேல் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டீங்களாடா, ஈயக் கூட எண்றாங்களாம். நம்மள எண்ணுங்கன்னு எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கோம், ஒருத்தனுக்கும் நேரமில்ல."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போனதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன், அப்போது சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அவனோ என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மரங்களையும் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தான். "உங்க ஈ கெடைக்கட்டும் சார்" என்றான். மீதித் தூரத்தில் பாதியை நடந்தும் பாதியை வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியில் படுத்தும் கடந்தேன்.

மறுநாள் விழித்தது ஹனீபா பாயின் கடை மாடியில். மெட்ராஸ் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த விலாசம் அது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வளையல், ரிப்பன், பவுடர், பொம்மை விற்கிற ஃபேன்சி ஸ்டோர். பாய்க்கு அறுபது இருக்கும். எதற்கும் அவசரப்பட மாட்டார், எதைப் பார்த்தும் ஆச்சரியப்பட மாட்டார். என் வலையைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

காலையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். எங்களுடையது மெலிந்து மொறுமொறுப்பாக இருக்கும், இது உண்டு கொழுத்தது. சால்னாவில் ஊறப்போட்டு, பிய்த்து, இரண்டு சாப்பிட்டபின் எனக்கு எந்த ஈயும் வேண்டாம் என்று தோன்றியது. மத்தியானம் பாய் வீட்டிலிருந்து குஸ்காவும் தாள்சாவும் வந்தன. தாள்சாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை மலை ஏறாது. "உப்பு கம்மியா இருக்குதா தம்பி?" என்று நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறை கேட்பதற்குள் முடித்துவிட்டேன்.

அன்று மலைக்கு வண்டி எதுவும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையைப் பார்க்கப் போனேன். ஊருக்கு ஊர் கோயில் பார்க்கிறவர்கள் உண்டு, எங்கள் தொழிலில் சாக்கடை பார்ப்போம். கறுப்புத் தண்ணீரில் வெள்ளைப் புழுக்கள், ஒவ்வொன்றுக்கும் உடம்பைவிட நீண்ட வால். அது வாலே அல்ல, மூச்சுக் குழாய். தலை சகதிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், பின்புறம் தண்ணீருக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அழுகியதைத் தின்று தீர்க்கிற வேலையை இப்படிச் சம்பளமில்லாமல் செய்துவிட்டு, இறக்கை முளைத்ததும் பூப்பூவாகப் போய் மகரந்தம் பூசிக்கொள்ளும். சாக்கடையில் பிறந்து பூவில் உட்காருகிற இதுவும் ஒரு மிதவை ஈதான்.

ஓரத்தில் முளைத்த துளசிச் செடியில் இறக்கை முளைத்த ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. வயிறு தரையில் படப் படுத்து வலையைப் போட்டேன். பின்னால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "இன்னா தொலைச்சுட்டாரு?" என்று ஒருவர் கேட்க, "மோதிரமா இருக்கும்" என்று இன்னொருவர் பதில் சொன்னார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணில் வரிவரியாகக் கோடு. பேராசிரியர் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினேன். ஒன்றுகூட வித்தியாசமில்லை. எங்கள் பினாங்குச் சாக்கடையிலும் இதே ஈ உண்டு.

அப்படியென்றால் நான் ஒட்டிய தலை உள்ளூர்க்காரனுடையதாக இருக்கலாம். ஆனால் மனிதன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் மன்னன். கண் இங்கே இருக்கிறதென்றால் அந்தக் கண்ணோடு இடுப்பும் சேர்ந்த சொந்தக்காரன் ஒருவன் மலையில் இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு ஜீப் கிடைத்தது. மண்ணெண்ணெய் டின்கள், ஒரு தையல் மிஷின், இரண்டு ஆடுகள், பதினேழு பேர். என் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்தது. வெளியே இருந்த கால்தான் வசதியாக இருந்தது. ஏற்றத்தில் ஜீப் இரண்டு முறை மூச்சு வாங்கி நின்றது. நின்றபோதெல்லாம் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஆடுகள் இறங்கவில்லை.

மலையில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் சடையன். தேனும் கடுக்காயும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து விற்கும்போது பாய்க்குப் பழக்கமானவர். என் வயதுதான். அவர் மனைவி பொன்னம்மா போட்ட சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். சாமைச் சோறு அரிசிச் சோறு மாதிரி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகாது, ஒவ்வொரு வாயும் நின்று கணக்குக் கேட்கும். மூன்றாம் கவளத்தில் எங்களுக்குள் சமரசம் ஆகிவிட்டது.

அங்கே ஈக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓடையோரப் புதரில் ஊசி மாதிரி ஒன்று, கறுத்த தடித்த வண்டு மாதிரி ஒன்று, வயிற்றில் கண்ணாடி வைத்ததுபோல் வெளிச்சம் ஊடுருவுகிற ஒன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வேஷம் போட்டிருந்தது. இரண்டு நாளில் இருபதுக்கு மேல் வகை பிடித்தேன். ஆறாயிரமும் பெரிய மனது பண்ணி ஒரே மாதிரி வாழ்ந்திருந்தால் எங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் ஒன்றின் புழு சகதி தின்கிறது, ஒன்றின் புழு எறும்புப் புற்றுக்குள் திருட்டுத்தனமாக வளர்கிறது, இன்னொன்றின் புழு செடிப்பேனைத் தின்கிறது. எங்கே பிறந்து எதைத் தின்றது என்று தெரியாமல் இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பார் பேராசிரியர்.

செடிப்பேன் தின்கிற ஆளைப் பொன்னம்மாவின் அவரைப் பந்தலில் பார்த்தேன். கொழுந்தெல்லாம் கறுப்புப் பேன் அப்பியிருந்தது. பேனையும், பேனுக்கு நடுவே கிடந்த பச்சைப் புழுவையும் சேர்த்து அவர் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பச்சைப் புழுவை விட்டுவிடுங்கள். அது உங்கள் கட்சி" என்றேன்.

"புழுவு எப்டிங்க எங்க கட்சியாவும்?"

ஒரு கொழுந்தைக் கிள்ளி அவர் கையில் வைத்தேன். கண்ணும் காலும் இல்லாத அந்தப் புழு தலையை இப்படியும் அப்படியும் துழாவியது. ஒரு பேன் தட்டுப்பட்டதும் கவ்வி, அப்படியே மேலே தூக்கி, உறிஞ்சி, வெறும் தோலைக் கீழே போட்டது. பிறகு அடுத்தது. பொன்னம்மா ஏழெட்டுப் பேன் போகும் வரை கையை அசைக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரர விட ஜாஸ்தி வேலை செய்யுதே" என்றார். சடையன் காதில் விழாததுபோல் பீடி பற்றவைத்தார்.

எல்லாம் கிடைத்தது, நான் வந்த காரியம் மட்டும் கிடைக்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் புகைப்படத்தைச் சடையனிடம் காட்டினேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த இடுப்ப பாத்துருக்கேங்க. மரப் பொந்துல தண்ணி ஊறிக்கினு இருக்கும் பாருங்க, அங்க வரும். குளவின்னு எல்லாரும் ஒதுங்கிப் போவாங்க. ஆனா கண்ணு இப்டி இருக்காது."

"நன்றாகப் பார்த்தீர்களா? கண்ணில் கோடு இல்லையா?"

"நான் இன்னாங்க, அதுக்கு மையா வெச்சு வுட்டேன்? கோடு கெடையாது. அவ்ளோதான்."

அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. காட்டில் நடமாடுகிறவர் சொன்னதை நம்பாமல், அருங்காட்சியகத்தில் நான் ஒட்டிய தலையை நம்பிக்கொண்டு மேலும் நான்கு பொந்துகளில் தேடினேன். எல்லாம் காய்ந்த பொந்துகள்.

ஐந்தாம் நாள் சடையனும் கூட வர, இறங்கினோம். அடிவாரத்தில் ஜீப் நின்றது. போராட்டத்தில் வெட்டிப்போட்ட பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. நாங்கள் மலை ஏறிய அன்றே விழுந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் நாலு பேர் ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடு மரத்தில் ஒரு பழைய பொந்து, உள்ளே டிக்காஷன் நிறத்தில் தண்ணீர். வெட்டுவாயிலிருந்து சாறு வழிந்து புளித்த வாடை வந்தது. அந்தச் சாற்றைச் சுற்றி ஏழெட்டுக் குளவிகள் நின்றபடி மிதந்தன.

குளவி நின்றபடி மிதக்காது.

நான் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். "குளவிங்க அது! கைய எடுங்க!" என்று ரம்பம் பிடித்தவர் கத்தினார். வலை வீசினேன், ஏழு கிடைத்தன. ஒன்றை விரலில் பிடித்து லென்ஸை வைத்தேன். அதே இடுப்பு, அதே மஞ்சள் பட்டை, காலில் அதே முடி. தலையில் முன்னால் நீட்டிய கொம்பு மாதிரி உணர்கொம்பு. கண் வெறும் பழுப்பு, ஒரு கோடுகூட இல்லை. அடுத்ததைப் பார்த்தேன். ஏழையும் பார்த்தேன். பேராசிரியர் தன் புத்தகங்களில் எத்தனையோ முறை எனக்குக் காட்டிய, பெயர் வைத்துப் பல காலமான, ஊரறிந்த இனம். உடம்பு புளியமரப் பொந்தில் பிறந்தது, தலை சாக்கடையில் பிறந்தது. இரண்டையும் சேர்த்துவைத்த பிரம்மா நான்.

"நான் சொல்லல?" என்றார் சடையன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுங்க, ஈதானே" என்றார். மரத்தை அறுத்துப் புரட்டும் வரை நான் சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் மாமியார் இன்னும் சந்தேகப்படுவார்.

ஆறாம் நாள் காலையில் பாயின் கடையில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கினேன். நிறமில்லாதது.

"வூட்டம்மாவுக்கா தம்பி?"

"ஈக்கு, பாய்."

"சரி" என்று எடுத்துக் கொடுத்தார்.

யோசனை எனக்கு ஜீப்பில் திரும்பும்போதே வந்துவிட்டது. கையில் ஏழு இடுப்பு இருக்கிறது. சாக்கடையில் எத்தனை கண் வேண்டுமானாலும் கிடைக்கும். பத்திரிகைக்காரர்கள் கேட்பது இன்னொன்றுதானே? இந்த முறை மணி ஐந்தாகவில்லை, நிதானமாகச் செய்யலாம். கமலா அம்மாவின் பெயர் அச்சில் வரும், பேராசிரியர் சந்தோஷமாக ஓய்வு பெறுவார், நான் கெட்டிக்காரன் ஆவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. வெளிச்சம் விழுகிற இடத்தில் கண்ணாடிப் பெட்டி மேல் வெள்ளைக் காகிதம் விரித்தேன். புளியமரத்து ஈயின் தலையை ஊசியால் நெம்பி எடுத்தேன். சாக்கடை ஈயின் தலையைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்தேன். கழுத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. புட்டியைத் திறக்கும்போது பாய் டீயோடு வந்தார்.

"இன்னா தம்பி பண்ணிக்கினு இருக்கீங்க?"

இனி இந்த ஆளை வாழ்க்கையில் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி விழுந்தது, தலை ஒட்டியது, கமலா அம்மா, கட்டுரை, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. பாய் மேல் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்த பொம்மைகளைக் காட்டினார்.

"அந்த மூணாவது பொம்மை இருக்குது பாருங்க, அதுக்குத் தலை வேற பொம்மையோடது. லாரியில வரும்போது ஒடஞ்சுபோவும். ஒடம்பு நல்லா இருக்கும், தலை போயிருக்கும். இன்னொண்ணுல தலை நல்லா இருக்கும். எடுத்து மாட்டி வித்துடுவேன். பாவமில்ல அது. வாங்குறவங்களுக்கும் பொம்மைன்னு தெரியும், எனக்கும் தெரியும்."

டீயை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க அந்தம்மா பேர்ல பொம்மை வுடப் போறீங்க. அவருக்கு மட்டும் அது பொம்மைன்னு தெரியாது."

அவ்வளவுதான். ஊக்கு கேட்டு ஒரு பெண் வந்தார், பாய் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. இத்தனை நாளும் மாட்டிக்கொள்வேனா என்று பயந்தேனே தவிர, வெட்கப்பட்டதில்லை. அப்போதுதான் வெட்கமாக இருந்தது. பேராசிரியர் மூன்று வருஷமாகத் தினம் காலையில் என்னிடம் "சாப்டியாப்பா?" என்று கேட்பவர். புட்டியை மூடினேன். இரண்டு தலைகளையும் அந்தந்த உடம்போடு தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எது எங்கே பிடித்தது என்று சீட்டு எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு சீட்டு எழுதியதில்லை.

ஏழாம் நாள் தபாலாபீசில் வெளிநாட்டுக்கு டெலிபோன் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்தேன். பஸ் ஓடாமல் மாட்டிக்கொண்ட பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் போக முடியாதவர், பரீட்சைக்குப் போக முடியாதவர், கடைசிப் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர். துணைக்கு வந்த பாய் கல்யாணக்காரருடன் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கழித்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். லைனில் கடல் இரைந்தது. அதற்கு மேலே கத்தினால்தான் கேட்கும்.

"சார்! தலையும் உடம்பும் ஒண்ணு இல்ல சார்!"

"என்னது?"

"தலை வேற! உடம்பு வேற! நான்தான் சார் ஒட்டினேன்! மூணு வருஷமா மறைச்சுட்டேன்!"

பின்னால் தபாலாபீஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. போலீஸ்காரர் எழுந்து நின்றார். "ஈங்க, வெறும் ஈ" என்று பாய் சொல்வது கேட்டது. போலீஸ்காரர் உட்காரவில்லை, ஆனால் கிட்டேயும் வரவில்லை.

பெட்டி விழுந்ததிலிருந்து புளியமரம் வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன்.  லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்பா" என்றார் பேராசிரியர்.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"முதல் நாளே லென்ஸ்ல கழுத்துகிட்ட என்னமோ மினுமினுன்னு தெரிஞ்சுது. நாப்பது வருஷமா ஈயைப் பார்க்கிறவனுக்குக் கழுத்து தெரியாதா? ஆனா அதுக்குள்ள மனசுல பேர் வச்சுட்டேன். பேர் வச்ச பிறகு கழுத்தைப் பார்க்க மனசு வரல."

"சார், என்னை மன்னிச்சிடுங்க."

"நீ ஒட்டினே. நான் நம்பினேன். உன் வேலையை விட என் வேலைதான் மோசம். பத்திரிகைக்கு இன்னைக்கே கடிதம் போட்டுடறேன், வேணாம்னு."  பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "அந்த உடம்புக்குச் சொந்தக்காரனை நான் உயிரோட பார்த்ததே இல்லப்பா. எல்லாம் ஊசியிலதான். பறக்கிறப்ப எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். சாறு வழிந்ததை, புளித்த வாடையை, ஏழும் ஒரே உயரத்தில் நின்றதை, ரம்பச் சத்தத்துக்கு ஒரு விரற்கடை விலகி மறுபடி அதே இடத்துக்கு வந்ததை, வெயில் பட்டபோது இடுப்பு கண்ணுக்கே தெரியாமல் போய் மஞ்சள் பட்டை மட்டும் தனியாக மிதந்ததை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ ஓரிடத்தில் நேரம் முடிந்து லைனை வெட்டிவிட்டார்கள். அது தெரியாமல் நான் இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.